நான்காவது வால்வு: திருவனந்தபுரத்தில் ஓர் இதயக் கதவு உருவான விதம்

"சிஸ்டர், உள்ள வச்சிருக்கிறது என்ன சாமான்? இரும்பா?"

ஒலி அலைகளால் இதயத்தைத் திரையில் பார்க்கிற எக்கோ சோதனை எடுக்கும்போது ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். மார்பில் ஜெல் தடவி, புரோபை விலா எலும்புகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடத்துக்கு முன் அவருடைய இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு, திருவனந்தபுரத்தில் உருவான செயற்கை வால்வான சித்ரா வால்வைப் பொருத்தியிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு வந்துவிடுவார். இத்தனை வருடமாக உடம்புக்குள் சுமக்கிற பொருள் எதனால் ஆனது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"உலோக வளையம்மா. அதுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் வட்டு."

"பிளாஸ்டிக்கா?"

முகம் சட்டென்று வாடிவிட்டது. தண்ணீர்க் குடம், வாளி, டப்பா என்று வீட்டில் பார்க்கிற பிளாஸ்டிக்தானே அவர் மனதில் வந்திருக்கும். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது, விளக்கிச் சொல்ல நேரமில்லை. நல்ல உறுதியான சாமான்தான், பயப்படாதீங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகும் அந்த முகம் மனதை விட்டுப் போகவில்லை. அந்தப் பிளாஸ்டிக்குக்கு வந்து சேர ஒரு குழுவுக்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது; அதற்கு முன் நீலக்கல்லையே வைத்துப் பார்த்துத் தோற்றார்கள். அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். செயற்கை வால்வு ஏன் தோற்றது, ஏன் ஜெயித்தது என்று பார்த்துக்கொண்டே போனால் இயற்கை வால்வு என்ன வேலை செய்கிறது என்பதும் கூடவே புரிந்துவிடும். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

இயற்கை வால்வு

இதயத்துக்கு நான்கு அறைகள், நான்கு வால்வுகள். வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மூவிதழ் வால்வு. வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகிற வாசலில் பல்மனரி வால்வு. இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மைட்ரல், அங்கிருந்து உடம்பு முழுக்க ரத்தம் கிளம்புகிற வாசலில் அயோர்டிக். மைட்ரலுக்கு மட்டும் இரண்டு இதழ், மற்ற மூன்றுக்கும் மும்மூன்று. பிஷப்புகள் தலையில் வைக்கிற இரண்டு மடல் கொண்ட மைட்டர் தொப்பி மாதிரி இருக்கிறது என்று 16ஆம் நூற்றாண்டு உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் சொன்னதிலிருந்து மைட்ரல் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

முதலில் மனதில் வைக்க வேண்டியது, இந்த இதழ்கள் தாமாக எதையும் செய்வதில்லை என்பது. இரண்டு பக்கமும் ரத்த அழுத்தம் மாறுகிறது, இதழ்கள் அதற்கு வழிவிடுகின்றன. மேலறையில் அழுத்தம் கூடினால் இதழ் கீழே சாய்ந்து வழி திறக்கும். கீழறை சுருங்கத் தொடங்கி அங்கே அழுத்தம் கூடினால் ரத்தம் திரும்பப் பார்க்கும், அந்தத் தள்ளலிலேயே இதழ்கள் மேலே வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு வேலை செய்கிற முறையும் இதுவேதான். ஒரு வழிப் பாதை, அவ்வளவுதான்.

ஆனால் ஃபுட் வால்வு ஒரு நாளில் எத்தனை தடவை திறந்து மூடும்? இதயம் நிமிடத்துக்கு 72 தடவை துடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1,03,680 தடவை. வருடத்துக்குக் கிட்டத்தட்ட 3.8 கோடி. எழுபது வயதுக்குள் 260 கோடியைத் தாண்டிவிடும். ஒரு தடவைக்கு ஒரு நொடிகூட முழுசாகக் கிடையாது. 0.8 நொடிக்குள் ஒரு துடிப்பு முடிகிறது. அதில் ஏறக்குறைய 0.5 நொடி மைட்ரல் திறந்திருக்கிறது, 0.3 நொடி மூடியிருக்கிறது.

அந்த 0.3 நொடியில்தான் வேலையே. கீழறை சுருங்கும்போது உள்ளே அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குப் போகிறது. மேலறையில் பத்துக்குப் பக்கம்தான் இருக்கும். நடுவில் இந்த இரண்டு இதழ்கள் மட்டும். இதழ்கள் மூடி நிற்கிற வளையத்தின் பரப்பை ஏழு சதுர சென்டிமீட்டர் என்று எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையின் தள்ளல் அந்த இதழ்கள் மேல் விழுகிறது. இதழின் கனமோ சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கையில் வைத்துப் பார்த்தால் ஈரத்துணியின் ஓரம் மாதிரி தளதளவென்று இருக்கும்.

அது எப்படித் தாங்குகிறது? இரண்டு காரணம் சொல்லலாம். முதலாவது இதழின் அடுக்குகள். இழுவையைத் தாங்குகிற கொலாஜன் நார் ஒரு பக்கம், நீண்டு சுருங்குகிற எலாஸ்டின் நார் இன்னொரு பக்கம், நடுவில் நீர் கோத்த பஞ்சு மாதிரி ஒரு மெத்தை. மூடுகிற அடியை அந்த நடு அடுக்கு வாங்கிக்கொள்கிறது. அடுக்குகளுக்குள் உயிரணுக்கள் இருக்கின்றன. தேய்ந்துபோகிற நாரை எடுத்துவிட்டுப் புது நாரை நெய்துகொண்டே இருப்பது அவற்றின் வேலை.

இரண்டாவது, இதழ்களைக் கீழேயிருந்து பிடித்திருக்கிற நாண்கள். மைட்ரலுக்கும் மூவிதழுக்கும் மட்டும்தான் இவை உண்டு. இதழின் ஓரத்திலிருந்தும் அடிப்பக்கத்திலிருந்தும் வெள்ளை நூல் மாதிரி கிளம்பி, கீழறைச் சுவரில் மேடு கட்டி நிற்கிற பாப்பில்லரி தசைகளில் போய்ச் சேர்கின்றன. மைட்ரலுக்கு அப்படி இரண்டு தசை. இந்த நாண்கள்தான் வால்வை இழுத்து மூடுகின்றன என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், பயிற்சிக்கு வருகிற மாணவர்கள்கூட. வால்வை மூடுவது அழுத்தம்தான். மூடிய இதழ் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்து நிறுத்துவது நாண். சூறைக்காற்றில் குடை மறுபக்கம் திரும்பிக்கொள்ளுமே, அது நடக்காமல் பார்த்துக்கொள்கிறது. கீழறை சுருங்கும்போது மேலிருந்து கீழாகவும் குறுகுகிறது. அப்போது நாண் தொய்ந்துபோய்விடும். அந்தத் தொய்வை எடுக்கத்தான் பாப்பில்லரி தசையும் அதே நேரத்தில் சுருங்குகிறது. இந்த விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அயோர்டிக், பல்மனரி இரண்டுக்கும் நாண் கிடையாது. ஒவ்வொன்றிலும் மூன்று பிறை வடிவச் சட்டைப்பைகள். ரத்தம் வெளியே போகும்போது சுவரோடு சாய்ந்துகொள்கின்றன, திரும்பப் பார்த்தால் பை நிறைந்து ஓரங்கள் முட்டி மூடுகின்றன. அயோர்டிக் இதழ்களுக்குப் பின்னால் பெருந்தமனியின் சுவர் சற்றே புடைத்திருக்கும். அந்தப் புடைப்பில் ரத்தம் சுழித்து இதழை மூடுவதற்குத் தயாராக முன்னே தள்ளுகிறது என்று லியனார்டோ டாவின்சி 1513 வாக்கில் வரைந்தே வைத்துவிட்டார். எருதின் இதயத்தைப் பார்த்து, கண்ணாடியில் மாதிரி செய்து, தண்ணீரில் புல் விதைகளைத் தூவிச் சுழலைப் பார்ப்பது என்று அவர் குறித்திருக்கிறார். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற கரோனரி தமனிகள் இரண்டும் புறப்படுவது அந்தப் புடைப்புகளிலிருந்துதான்.

ஸ்டெத்தாஸ்கோப்பில் கேட்கிற 'லப்-டப்' பற்றியும் ஒரு வார்த்தை. 'லப்' மைட்ரலும் மூவிதழும் மூடுகிற நேரத்தில் வருகிறது, 'டப்' அயோர்டிக்கும் பல்மனரியும் மூடும்போது. மெல்லிய இதழ் மோதி அவ்வளவு சத்தம் வராது. ஓடி வந்த ரத்தம் சட்டென்று தடுக்கப்பட்டு, இதழும் நாணும் சுவரும் சேர்ந்து அதிர்கிற ஒலி அது.

எப்படிக் கெடுகிறது

நம் ஊரில் இளம் வயதில் மைட்ரல் வால்வு கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றுகிறது. தொண்டை வலி நாலு நாளில் சரியாகிவிடும். ஆனால் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கிருமியைப் போலவே தோன்றுகிற சொந்தத் திசுக்கள் மீதும் பாய்கிறது. மூட்டு வீங்கும், வலிக்கும், அப்புறம் அதுவும் போய்விடும். வால்வில் விழுந்த காயம் மட்டும் தங்கிவிடுகிறது. அது ஆறும்போது இரண்டு இதழும் சந்திக்கிற மூலைகள் ஒட்டிக்கொள்கின்றன, நாண்கள் தடித்துக் குட்டையாகின்றன. நல்ல மைட்ரலில் இதழ்கள் திறக்கிற வாசல் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அது 1.5க்குக் கீழே வந்துவிட்டால் கடுமையான சுருக்கம் என்கிறோம். எக்கோவில் குறுக்காகப் பார்த்தால் மீன் வாய் திறக்கிற மாதிரி இருக்கும். அந்த ஒப்புமையைச் சொன்னது யாரோ தெரியாது, ஆனால் ஒரு தடவை திரையில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

வாசல் சுருங்கியதும் மேலறையில் ரத்தம் தேங்குகிறது, தேக்கம் நுரையீரல் வரை பின்வாங்குகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். படுத்தால் முடியாது, எழுந்து உட்கார வேண்டும். பல பெண்களுக்கு இந்த நோய் இருப்பது கர்ப்ப காலத்தில்தான் தெரியவருகிறது. அப்போது ரத்தத்தின் அளவும் துடிப்பின் வேகமும் கூடுகின்றன. வேகம் கூடினால் மைட்ரல் திறந்திருக்கிற நேரம்தான் முதலில் குறையும். அந்தக் குறுகிய நேரத்துக்குள் சின்ன வாசல் வழியாக அவ்வளவு ரத்தமும் போக வேண்டுமே.

இதழ் இன்னும் நெகிழ்வாக இருந்தால் பலூன் வைத்து ஒட்டிய மூலைகளைப் பிரித்துவிடலாம். ஜப்பானைச் சேர்ந்த கான்ஜி இனோவே 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை அது. இதழ் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டாலோ, மூடவும் முடியாமல் கசிந்தாலோ, வால்வையே மாற்ற வேண்டும்.

முன்னால் போனவர்கள்

அமெரிக்காவில் சார்லஸ் ஹஃப்நாகல் 1952இல் ஒரு கூண்டுக்குள் பந்து வைத்த வால்வைப் பெருந்தமனியின் கீழ்நோக்கிப் போகும் பகுதியில் பொருத்தினார். இதயத்தைத் திறந்து உள்ளே வைக்க அன்றைக்கு வழியில்லை. 1960இல் போர்ட்லாண்டில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரும், ஓய்வு பெற்ற பொறியாளர் லோவெல் எட்வர்ட்ஸும் சேர்ந்து மைட்ரல் வால்வையே பந்து வால்வால் மாற்றினார்கள். அவர்கள் முதலில் செய்து பார்த்தது இயற்கையைப் போலவே இதழ் வைத்த வால்வுகளை. நாய்களில் வைத்தபோது ரத்தம் உறைந்து அவை இறுகிப்போயின. பிறகுதான் இயற்கையின் உருவத்தை விட்டுவிட்டு அதன் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பந்து எந்த விதத்திலும் இதழ் மாதிரி இருக்காது, ஆனால் அழுத்தம் சொன்னபடி திறந்து மூடும்.

பந்துக்கு இடம் அதிகம் வேண்டும், ரத்தம் அதைச் சுற்றி வளைந்து போக வேண்டும். 1969இல் ஸ்வீடனின் பியார்க்கும் அமெரிக்கப் பொறியாளர் ஷைலியும் சாயும் வட்டு வால்வைக் கொண்டுவந்தார்கள். வளையத்துக்குள் ஒரு தட்டு, அதைப் பிடிக்க இரண்டு கம்பி, அவ்வளவுதான். ரத்தம் வந்தால் தட்டு சாயும், திரும்பினால் மட்டமாகும்.

ஹஃப்நாகலிடம் பயிற்சி பெற்றவர் இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான். திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ரா திருநாள் மருத்துவ நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர். ருமாட்டிக் வால்வு நோயோடு வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், வசதியில்லாதவர்கள். அறுவை செய்ய ஆள் இருந்தது, வால்வு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலை கைக்கு எட்டாது. கையில் திறமை இருந்தும் பொருள் இல்லாமல் நோயாளியைத் திருப்பி அனுப்புகிற அந்த நிலை எந்த மருத்துவரையும் தூங்க விடாது. 1970களின் பிற்பாதியில் வால்வை இங்கேயே செய்வது என்று முடிவெடுத்தார். மருத்துவமனை ஒரு பக்கம் இருக்க, பூஜப்புரையில் திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த சாட்டல்மண்ட் அரண்மனையில் உயிரி மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்கியது. பொறியியல் பக்கத்தை ஜி.எஸ். புவனேஸ்வர் நடத்தினார். அதுவரை இந்தியாவில் இப்படி ஒரு பொருளை யாரும் செய்து முடித்ததில்லை. சோதனை எந்திரங்களிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

மூன்று தோல்விகள்

சாயும் வட்டு வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். கேள்வி எதில் செய்வது என்பதுதான்.

முதல் மாதிரியில் வட்டைத் தாங்கும் கம்பிகளை டைட்டானிய வளையத்தோடு பற்றவைத்திருந்தார்கள். இதயத் துடிப்பைவிடப் பல மடங்கு வேகத்தில் திறந்து மூட வைக்கிற எந்திரத்தில் மாட்டியபோது, பற்றவைத்த இடத்திலேயே கம்பி முறிந்தது. பற்றவைக்கிற சூட்டில் அந்த இடத்து உலோகம் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடுகிறது. லட்சக்கணக்கான சின்னச் சின்ன அடிகள் அந்த இடத்தைத் தேடிப் பிடித்துவிடும்.

இந்தத் தோல்வி சோதனைக்கூட மேசை மேலேயே நடந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. பியார்க்-ஷைலி வால்வின் பிந்தைய வடிவம் ஒன்று 1979லிருந்து 1986 வரை விற்பனையில் இருந்தது. ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தினார்கள். அதிலும் ஒரு கம்பி பற்றவைத்ததுதான். அது முறிந்தது சோதனைக்கூடத்தில் மட்டும் இல்லை, மனிதர்களின் நெஞ்சுக்குள். அறுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வால்வு உடைந்ததாகப் பதிவாகியிருக்கிறது, அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. வட்டு கழன்று ஓடிவிட்டால் இதயத்துக்குள் வாசல் திறந்தபடியே நின்றுவிடும், அப்புறம் சில நிமிடம், சில மணி நேரம்தான்.

இயற்கை இதழைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அதில் பற்றவைப்பே கிடையாது. வளையத்திலிருந்து இதழ், இதழிலிருந்து நாண், நாணிலிருந்து தசை என்று கொலாஜன் நார் இடைவெளி விடாமல் ஓடுகிறது. எந்த இடத்தில் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கோடு போட முடியாது.

சரி, பற்றவைப்பே வேண்டாம் என்று அடுத்ததில் வளையமும் கம்பிகளும் சேர்ந்த கூண்டு முழுவதையும் ஒரே டைட்டானியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தார்கள். வட்டுக்கு நீலக்கல். நகைக்கடையில் இருக்கிற நீல நிறக் கல் இல்லை, ஆய்வுக்கூடத்தில் ஒற்றைப் படிகமாக வளர்த்தெடுக்கிற, நிறமில்லாத கல். வைரத்துக்கு அடுத்த வரிசையில் வருகிற கடினம், ரத்தத்தோடு ஒத்துப்போகும், துளிகூடத் தேயாது. இதைவிட என்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கல் தேயவில்லை. அது மோதிய டைட்டானியம் தேய்ந்தது. ஒன்றைக் கடினமாக்கினால் தேய்மானம் போய்விடாது, பக்கத்தில் இருப்பதன் தலையில் போய் விழும்.

மூன்றாவதில் டைட்டானியத்தை விட்டுவிட்டு ஹேய்ன்ஸ்-25 என்ற கோபால்ட் கலப்பு உலோகத்துக்கு மாறினார்கள். குரோமியம், டங்ஸ்டன், நிக்கல் சேர்ந்தது, ஜெட் எஞ்சின் பாகங்களில் பயன்படுகிற ரகம். வட்டு அதே நீலக்கல். எந்திரச் சோதனையில் நின்றது. அடுத்த கட்டமாகச் செம்மறியாடுகளுக்குப் பொருத்தினார்கள். ஆடுகள் எழுந்து நின்றன, மேய்ந்தன. பிறகு ஒன்று திடீரென்று செத்துப்போனது. திறந்து பார்த்தால் நீலக்கல் வட்டு உடைந்திருந்தது.

என்னை மிகவும் பாதித்த இடம் இதுதான். இத்தனை வருட உழைப்புக்குப் பின், எந்திரம் தேர்ச்சி கொடுத்த பிறகு, ஒரு ஆட்டின் இதயத்துக்குள் அந்தக் கல்லின் உடைந்த துண்டுகளைப் பார்த்தவர்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். அதை ஏதோ ஒரு ஆட்டுக்கு நேர்ந்த தனி விபத்து என்று ஒதுக்கிவிட்டு மேலே போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. நீலக்கல்லைக் கைவிட்டார்கள்.

கடினமான பொருளின் குணம் அது. தேயாது, கீறாது, வளையவும் வளையாது. அடி விழும்போது வாங்கி உள்ளே கரைத்துக்கொள்ள அதனிடம் எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் எங்கேயாவது இருந்தால் போதும், அடிமேல் அடியாக அந்தக் கீறல் வளர்ந்து ஒரு நாள் குறுக்கே ஓடிவிடும். இயற்கை இதழின் நடுவில் இருக்கிற பஞ்சு அடுக்கு எதற்கு என்று இந்த ஆட்டின் கதையைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பிளாஸ்டிக்

நான்காவது மாதிரிக்கு அதே ஹேய்ன்ஸ்-25 கூண்டு, ஒரே கட்டியிலிருந்து கடைந்தது. வட்டுக்கு மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். அந்த அம்மா வாடிப்போன பிளாஸ்டிக். வாளியும் டப்பாவும் அதே குடும்பம்தான், ஆனால் இதில் மூலக்கூறுச் சங்கிலிகள் மிகமிக நீளமானவை, ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு மாற்றுகிறார்களே, அதில் உலோகம் உரசுகிற மெத்தையாக வைப்பதும் இதைத்தான். அடி விழுந்தால் கொஞ்சம் இழைந்துகொடுக்கும், உடையாது. உலோகத்தையும் தேய்க்காது.

வட்டு கூண்டுக்குள் தன் அச்சில் சுழல முடியும். துடிப்புக்குத் துடிப்பு சிறிது சிறிதாகச் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஒரே இடம் திரும்பத் திரும்ப அடி வாங்குவதில்லை, தேய்மானம் ஓரம் முழுக்கப் பரவிவிடுகிறது. திறந்தால் 70 பாகை சாயும். வளையத்தைச் சுற்றி பாலியெஸ்டர் துணி, அதில்தான் ஊசி நூல் ஏற்றி இதயத்தோடு தைப்பார்கள். சில மாதத்தில் அந்தத் துணிக்குள் உடம்பின் திசு வளர்ந்து மூடிக்கொள்ளும்.

இன்னொரு நல்லதும் கூட வந்தது. உலோக வால்வு, கார்பன் வால்வு வைத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், ராத்திரி வீடு அடங்கியதும் நெஞ்சுக்குள் கடிகாரம் மாதிரி 'டிக் டிக்' என்று கேட்கும். பக்கத்தில் படுத்திருக்கிறவருக்கும் கேட்கும். சிலருக்கு அது தூக்கத்தையே கெடுத்துவிடும். பிளாஸ்டிக் வட்டு மூடும்போது சத்தம் குறைவு. அந்த அம்மாவுக்குப் பதினைந்து வருடத்தில் அப்படி ஒரு தொந்தரவு இருந்ததே இல்லையாம்.

மேசைச் சோதனை, ஆடுகள், அப்புறம் நெறிமுறைக் குழுவின் அனுமதி எல்லாம் முடிந்து 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். 1995 தொடக்கம் வரை நடந்த பலமையச் சோதனையில் ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்கு வைத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். தயாரிப்பைச் சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் ஏற்றுக்கொண்டது. குக்கர் செய்கிறவர்கள் என்று நமக்குத் தெரிந்த அதே குழுமம். லாபம் நிச்சயமில்லாத, பொறுப்பு மிகப் பெரிய ஒரு வேலையை எடுத்துச் செய்ததற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சித்ரா வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது.

எது இன்னும் வரவில்லை

இதழுக்கு இருக்கிற ஒன்று வட்டுக்கு இல்லை. இதழின் மேல் ரத்தக் குழாயின் உட்புறத்தில் இருப்பது போன்ற ஓர் உயிரணுத் தோல் இருக்கிறது. அதன் மேல் ரத்தம் உறையாது. உலோகமும் பிளாஸ்டிக்கும் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் ரத்தத்துக்கு அந்நியம்தான். அதனால் இயந்திர வால்வு எதை வைத்தாலும் உயிர் உள்ளவரை ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். வார்ஃபரின், அசிட்ரோம் என்று நோயாளிகள் வாயில் புழங்குகிற பெயர்கள். ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை. மைட்ரல் இடத்தில் இயந்திர வால்வு வைத்தவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் கட்டி படியும், கூடினால் எங்கேயாவது ரத்தம் கசியும்.

எங்களிடம் வருகிறவர்களில் வால்வு உடைந்து வந்தவரை நான் பார்த்ததில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு வட்டு ஒட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை என்று நிறுத்தியவர், ஊருக்குப் போன இடத்தில் கிடைக்கவில்லை என்று பத்து நாள் விட்டவர், நாட்டு மருந்து சேர்த்துச் சாப்பிட்டவர். கீரையில் வைட்டமின் கே இருக்கிறது, அது மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். கீரையே சாப்பிடக் கூடாது என்று சிலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். அப்படி வேண்டியதில்லை, வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் மாத்திரையின் அளவை அதற்கேற்ப மருத்துவர் வைத்துக்கொள்வார். ஒரு வாரம் தினமும் முருங்கைக் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் ஐ.என்.ஆரைக் குழப்பும். கர்ப்பம் தரிக்க நினைக்கிற பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், இந்த மாத்திரை கருவைப் பாதிக்கும்.

கசிவு இன்னொன்று. இயற்கை இதழ்களின் மொத்தப் பரப்பு வாசலைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கும். வேட்டி மடிப்பு மாதிரி ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று தாராளமாகப் படிந்து மூடிக்கொள்ளும். வட்டுக்கு அந்தத் தாராளம் இல்லை, வளையத்துக்கும் அதற்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் அதன் வழியே திரும்பும். எக்கோ ரிப்போர்ட்டில் லேசான கசிவு என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறி வருகிறவர்கள் உண்டு. அந்தக் கசிவு ஓரத்தைக் கழுவிக்கொண்டே இருப்பதால் அங்கே கட்டி படிவது குறைகிறது. இருக்க வேண்டிய கசிவுதான் அது. தையல் வளையத்துக்கு வெளியே கசிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

நாணைப் பற்றி மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். மைட்ரல் வால்வை மாற்றத் தொடங்கிய காலத்தில் பழைய இதழ், நாண், எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதியதை வைப்பார்கள். வட்டுக்கு நாண் தேவையில்லை, கூண்டே அதைப் பிடித்துக்கொள்கிறது என்பதால் அது நியாயமாகவே தோன்றியது. ஆனால் வால்வு சரியாக வேலை செய்தும் பலருக்குக் கீழறை பலவீனமாகிப் பந்து மாதிரி உப்பியது. நாண்களை விட்டுவைக்க வேண்டும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ட்டன் லில்லிஹை 1960களிலேயே சொன்னார். பின்னாளில் அதுவே வழக்கமாயிற்று. வளையத்திலிருந்து தசைவரை ஓடுகிற நாண் இதழை மட்டும் பிடிக்கவில்லை, கீழறை தன் வடிவத்தோடு சுருங்குவதற்கும் அது துணையாக இருக்கிறது. அதனால் இப்போது முடிந்தவரை பின் இதழையாவது அதன் நாண்களோடு விட்டுவைத்து, அதன் மேல் புது வால்வைத் தைக்கிறார்கள். வட்டு சாயும்போது நாணில் மாட்டிக்கொள்ளாதபடி வால்வை எந்தத் திசையில் வைப்பது என்றும் பார்ப்பார்கள்.

போன மாதம் அந்த அம்மா திரும்ப வந்தார். அன்றைக்குக் கூட்டம் குறைவு. திரையை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பினேன். வளையம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது, அதற்குப் பின்னால் மேலறையை மறைக்கிற நிழல். நடுவில் வட்டு சாய்கிறது, மட்டமாகிறது. நீலக்கல் கதையைச் சொன்னேன். ஆடு செத்துப்போனதைக் கேட்டு, "பாவம்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குக் கீழ நூல் மாதிரி ஏதோ ஆடுதே, அது என்ன சிஸ்டர்?"

"அது உங்களோடதுதாம்மா," என்றேன். "பழைய வால்வோட நாண். அதை அப்படியே விட்டு வச்சிருக்காங்க."